வேலை நாளில் ஒரு வெடி

மே 5, திங்கள். விருதுநகர்.

காலை ஏழுக்கே வெயில் முதுகில் அறைகிறது. லாட்ஜ் மொட்டை மாடியில் துவைத்துப் போட்ட சேலை, நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. கும்பகோணத்தில் இதற்கு அரை நாள் வேண்டும்.

நேற்று எண்ணெய் பரோட்டா. அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. இரண்டு சாப்பிட்டு, போதும் என்றேன். பரிமாறிய அண்ணன், "டீச்சரா இருந்துக்கிட்டு எண்ணிக்கையில இப்படி வீக்கா இருக்கீகளே" என்றார். நான் டீச்சர் என்று இவருக்கு யார் சொன்னது? முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது போல. நான் கணக்கு இல்லை, ஜியாகரபி என்றேன். "அப்ப நாலு திசைக்கு நாலு சாப்பிடணும்ல?" சாப்பிட்டேன்.

பணிக்காலம் முழுக்க சுவரில் தொங்கிய வரைபடத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டியவள் நான். கரிசல் மண் எங்கே? இதோ. பட்டாசுத் தொழில்? இதோ. குச்சி தொட்ட இடத்தில் ஒன்றில்கூடக் கால் பட்டதில்லை. வீட்டுக்காரர் காலமான பிறகு வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, இப்போது கால் வைத்துப் பார்க்கிறேன்.

இதுவரை கிடைத்த சிநேகிதம், மறக்காமல் இருக்க:

போடி: ஏலக்காய்க் கடை ராணி. தன் தும்மல்கூட மணக்கும் என்கிறாள்.

தூத்துக்குடி: உப்பளத்தின் ஓரம் டீக்கடை அந்தோணியம்மா. டீயில் சர்க்கரைதானே போட்டீர்கள் என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கினேன்.

ராஜபாளையம்: நாய் வளர்ப்பவர். அவர் பெயர் மறந்துவிட்டது. நாயின் பெயர் நினைவிருக்கிறது.

யார் வீட்டிலும் மூன்று நாளுக்கு மேல் தங்குவதில்லை. நான்காம் நாள் அவர்கள் சண்டைக்கு நம்மிடம் நியாயம் கேட்பார்கள்.

பகலில் சூலக்கரை. கலெக்டர் ஆபீஸ் எதிரே பஸ்ஸுக்கு நின்றேன். பட்டா விஷயமாக மனு கொடுக்க வந்த ஒரு பெண், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையிலிருந்து வெள்ளரிப்பிஞ்சு எடுத்து நீட்டினாள். "தின்னுங்க. மயங்கி விழுந்தா நாந்தான் தூக்கணும், எனக்கு இடுப்பு வலி." பெயர் சுப்புலட்சுமி. எம். புதுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். பட்டாசுக் கம்பெனியில் வேலை. வீட்டுக்காரர் திருப்பூரில் பேக்கரி மாஸ்டர், பொங்கலுக்கு வருவாராம். ஒரே மகள். பிளஸ் டூ. வியாழக்கிழமை ரிசல்ட்.

"வீட்டுக்கு வாங்க டீச்சர். மகளுக்கு நாலு நல்லது சொல்லுங்க. நான் சொன்னா அவளுக்குக் காது அடைச்சுக்கும்."

வந்துவிட்டேன். இரண்டு அறை, ஒரு காற்றாடி. காற்றாடிக்கு நேர் கீழே எனக்குப் பாய்.

மே 6, செவ்வாய்.

மகள் பெயர் செல்வி. ஒல்லி. நறுக்கென்று பேச்சு. மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி.க்கு விண்ணப்பித்திருக்கிறாள், ஹாஸ்டலோடு. போகவும் ஆசை, பயமும் இருக்கிறது.

"மதுரைக்கு நாலு தடவ போயிருக்கேன் டீச்சர். நாலும் பெரியாஸ்பத்திரி."

நான் ஆற்றை உதாரணம் காட்டினேன். பிறந்த இடத்திலேயே நின்றுவிட்டால் அது குளம்தானே? "குளத்துலதான் டீச்சர் மீனு கெடக்கு" என்றாள். இவளுக்கு முன் வரிசை கொடுக்கலாம்.

ஆனாலும் போடி, தூத்துக்குடிக் கதைகளை வாய் பிளந்து கேட்கிறாள். போன ஊரையெல்லாம் வரைபடம் போட்டுக் காட்டினேன். கடைசியில், "போறேன் டீச்சர். போயித்தான் பாப்பமே" என்றாள். எனக்கு ஒரே பெருமை. வந்த மறுநாளே ஒரு பெண்ணைக் கிளப்பிவிட்டேன்.

பகலில் தனியாக சிவகாசி. வெயிலில் டீ, டீயில் வெயில். ஒரு அச்சகத்து வாசலில் அடுத்த வருடத்துத் தேதிகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. வாங்கியவை: கும்பகோணத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்பு, சாட்டை, பச்சை நூல் சுற்றிய அணுகுண்டு ஒரு பாக்கெட். ரப்பர் செருப்பு. பல்பொடி.

மாலையில் தெருமுனை ரோட்டோரம் பெண்கள் கூட்டம். நல்ல ஊர், வேலை முடிந்ததும் அரட்டைக்கு நேரம் இருக்கிறது.

மே 7, புதன்.

சுப்பு வேலை முடிந்து வந்தாள். முழங்கை வரை வெள்ளி. மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பொடி. தேங்காய் எண்ணெய் தடவி, சீயக்காய் போட்டு, மறுபடியும் எண்ணெய். விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிறது. கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது என்றேன். "மாப்பிள்ளை யாருன்னு கேளுங்க டீச்சர்" என்று எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். அவள் மருமகளும் அதே கம்பெனிதான். மூன்று பேரும் சிரித்தோம்.

என் பட்டாசுப் பையைப் பார்த்ததும் சுப்பு அதை எடுத்துக் கொல்லைப் பக்கத்து அலமாரியில் வைத்தாள். "இத ஊருக்குப் போயி வெடிங்க டீச்சர். இங்கன நாங்க தீவாளிக்கு மட்டுந்தான்." சரி, மிட்டாய்க் கடைக்காரர் வீட்டில் மிட்டாய் தின்ன மாட்டார்கள் இல்லையா, அதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

மே 8, வியாழன். காலை.

மேகம் இல்லை. சுப்பு ஆறரை மணிக் கம்பெனி வேனில் போய்விட்டாள். போகும்போது மகளின் தலையில் கை வைத்தாள். ஒன்பதுக்கு ரிசல்ட். மாலைக்குக் கேசரி. ரவை இருக்கிறது, நெய் வாங்க வேண்டும்.

மே 8. மாலை.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஐந்நூற்று நாற்பத்தொன்று. செல்வி போனைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். அம்மாவுக்குச் சொல் என்றேன். "சொல்ல முடியாது டீச்சர். கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டுலயே வாங்கி வச்சுருவாக. சாயங்காலந்தான்." பேச்சியம்மாளிடம் சொல்ல ஓடினாள்.

எனக்கு மனம் தாங்கவில்லை. பெற்றவளுக்குக் கேட்காவிட்டாலும் தெருவுக்காவது கேட்க வேண்டாமா? எங்கள் பள்ளியில் ரிசல்ட் அன்று கேட்டருகே முதல் வெடி எப்போதும் என் கையால்தான். அலமாரியிலிருந்து ஓர் அணுகுண்டு எடுத்தேன். சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தி. கொல்லையில் காலியான சிமென்ட் தொட்டி. பொறி பறக்காமல் இருக்கட்டும் என்று தொட்டிக்குள் வைத்தேன். பாதுகாப்பாம்.

திண்ணென்று ஒரு சத்தம். கால் வழியாக ஏறியது. நான் கைதட்டினேன்.

வேறு யாரும் தட்டவில்லை.

எங்கோ ஒரு பாத்திரம் விழுந்தது. ஒரு கதவு. பிறகு ஓடும் கால்கள். என் பக்கம் இல்லை, ரோட்டுப் பக்கம். ஒருத்தரும் கத்தவில்லை. நானும் பின்னால் போனேன், எதற்கு ஓடுகிறார்கள் என்று தெரியாமல்.

தெருமுனையில் அத்தனை பெண்களும். ஒருத்தி தலையில் பாதி எண்ணெய். ஒருத்தி கையில் மாவு. எல்லோர் காதிலும் போன்.

"எடுக்க மாட்டேங்கிறாளே."

"எப்பிடி எடுப்பா, கேட்டுலல்ல கெடக்கும்."

"ஆபீஸ் நம்பரைப் போடு."

"பிசி. பிசின்னே வருது."

"எந்தப் பக்கம் கேட்டுச்சு? கெழக்கயா?"

பேச்சியம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "டீச்சர், உங்களுக்கு உசரம் இருக்கு. புகை தெரியுதான்னு பாருங்க. புகை தெரியுதா?"

அப்போதுதான் புரிந்தது. என் கையில் ஊதுபத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

நான்தான் வெடித்தேன் என்று சொன்னேன். முதல் தடவை ஒருத்தர் காதிலும் விழவில்லை. இரண்டாம் தடவை கத்திச் சொன்னேன்.

பேச்சியம்மாள் ஊதுபத்தியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரிசல்ட்டுக்கா?" ஆமாம் என்றேன். "நல்லாருக்கு டீச்சர்" என்றாள். அடித்திருக்கலாம்.

செல்வி அங்கே இல்லை. சத்தம் கேட்டதுமே கம்பெனிப் பக்கம் ஓடியிருக்கிறாள். செருப்பு இல்லாமல், மே மாதத் தாரில். யாரோ பைக்கில் போய்க் கூட்டி வந்தார்கள். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். போனை விடவே இல்லை. திரையில் மார்க் அப்படியே இருந்தது.

வெந்நீர் வைத்தேன். என்னைத் தொட விடவில்லை. பேச்சியம்மாள்தான் காலைக் கழுவினாள். கழுவிக்கொண்டே எனக்குச் சொன்னாள், ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "சாயங்காலம் கம்பெனியில சாம்பிளுக்கு வெடிச்சுப் பாப்பாக. அந்தச் சத்தத்துல தொட்டில்ல புள்ள தூங்கும். வேலை நேரத்துல கேட்டா அது வேற. நான் இதுக்கு முன்ன ஒரு தடவ ஓடிருக்கேன். அன்னிக்கு ஓடுனதுக்குக் காரணம் இருந்துச்சு." அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மாலை வேன் வரும் நேரத்தில் மறுபடி எல்லோரும் தெருமுனையில். அரட்டை என்று நேற்று முன்தினம் எழுதினேனே, அது அரட்டை இல்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர், இறங்கும் தங்கள் ஆளைக் கண்ணால் பார்த்துக் கூட்டிப்போக நிற்கிறார்கள். தினமும்.

சுப்பு இறங்கினாள். நடந்ததை யாரோ சொன்னார்கள். மகளின் காலைத்தான் முதலில் பார்த்தாள். மார்க்கைப் பிறகு கேட்டாள், சமையல் ஆன பிறகு, ஏதோ மளிகைச் சாமான் கேட்பது போல.

கேசரி செய்யவில்லை.

மே 9, வெள்ளி.

வெயில். காற்று இல்லை. காலை முழுவதும் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. காபி வந்தது, இட்லி வந்தது. "சாப்பிட்டீகளா" வந்தது. இந்த மரியாதையை விழுங்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பத்து மணிக்குச் செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் மதுரைக்குப் போகல."

என் வாய் சும்மா இருக்குமா? உதாரணங்களைக் கடை விரித்தேன். பறவை. பாய்மரம். நான் சொல்லிக் கொடுத்து, இன்று எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள். அவள் பொறுமையாகக் கேட்டாள். இத்தனை காலம் என் வகுப்புகள் எப்படிக் கேட்கப்பட்டிருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

பிறகு சொன்னாள். "நேத்து நான் ஓடுன நேரம் பூராம் எங்கம்மா உசுரோட இருக்காளா இல்லையான்னு எனக்குத் தெரியாது டீச்சர். இங்கனயாச்சும் ஓட எடம் இருந்துச்சு. மதுரையிலருந்து நான் எங்கிட்டு ஓட?"

என் உதாரணக் கடையை மூடினேன்.

மகளுக்கு நாலு நல்லது சொல்லுங்கள் என்றுதான் அழைத்தாள் சுப்பு. நான் செய்த நல்லது இது. போக இருந்த பெண்ணை ஒரே வெடியில் வீட்டுக்குள் தள்ளிவிட்டேன்.

பையைக் கட்டினேன். மூன்று நாள் முடிந்து ஒரு நாள் கூடவே ஆகிவிட்டது என்று எனக்கு நானே சாக்கு. நாளைக் காலை முதல் பஸ்.

மே 10, சனி.

சுப்பு வேனுக்குக் கிளம்பும்போது என் பையைப் பார்த்துவிட்டாள்.

"கெளம்பிட்டீகளா? நல்லது. போற எடத்துல எங்க ஊரைப் பத்தியும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுங்க."

தலையைக் குனிந்துகொண்டேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"இப்பப் போயிட்டீகன்னா அவ மனசுல கடைசியா நிக்கிறது அந்தச் சத்தந்தான் டீச்சர். இன்னும் ரெண்டு நாள் இருந்து வேற ஏதாச்சும் பேசிட்டுப் போங்க. அம்புட்டுத்தான் கேக்கேன்."

பையை அவிழ்த்தேன். சேலையை மடித்து வைத்தபோது புரிந்தது: எனக்கு ஊர் ஊருக்குச் சிநேகிதம் இருப்பதற்குக் காரணம் நான் நல்லவள் என்பதல்ல. யாருக்கும் என்னால் ஒரு கஷ்டம் வருவதற்கு முன்பே பஸ் ஏறிவிடுகிறேன். அந்தோணியம்மா முழங்கால் வலி என்றாளே, இப்போது எப்படி இருக்கிறது? தெரியாது. ராணியின் மகன் வீட்டுக்குத் திரும்பினானா? தெரியாது. தும்மல் மட்டும் நினைவிருக்கிறது.

புதன்கிழமை எழுதியதை எடுத்துப் படித்தேன். கல்யாணப் பெண் மாதிரி என்று. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

மே 11, ஞாயிறு.

கம்பெனி லீவு. ஆட்டுக்கறி. தாய்க்கும் மகளுக்கும் சண்டை, நியாயம் கேட்க நடுவில் நான்.

"நீ இங்கன இருந்தா அது வெடிக்காமப் போயிருமா? நீ என்ன பயர் சர்வீஸா?"

"அப்ப நீ வேலையை விடு. நான் போறேன்."

"வேலையை விட்டா நீ எதுல போவ? டீச்சர் வரைஞ்ச படத்துலயா?"

செல்வி அழுதுவிட்டாள். அழுதுகொண்டே கேட்டாள்: "வேன் வர்ற நேரத்துக்கு எல்லா வீட்டுக்கும் ஒரு ஆள் ரோட்டுல நிக்குது. நான் போயிட்டா உனக்கு யாரும்மா நிப்பா?"

சுப்பு கறியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ.

"நான் நிற்கிறேன்" என்றேன்.

செல்வி கண்ணைத் துடைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "மூணு நாளா?"

என் மூன்று நாள் பெருமையை அவளிடமே அடித்துக்கொண்டவள் நான். காது வரை சூடு. நீ படிப்பை முடிக்கிற வரைக்கும் என்று சொல்ல வாய் வந்தது. அது மறுபடியும் சுலபமான பேச்சு. தீபாவளி வரை நிற்கிறேன், அதற்குப் பிறகு உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அவள் நம்பவில்லை. கறி நன்றாக இருந்தது.

மே 13, செவ்வாய்.

நேற்று முதல் தெருமுனையில் நிற்கிறேன். செல்வியும் நின்றாள், பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்ப்பவர் மாதிரி.

பேச்சியம்மாள்: "டீச்சர் இடுப்புல தீப்பெட்டி இருக்கான்னு பாருங்கடி." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு. ஆனால் அவர்கள் நிற்கும் வேப்பமர நிழலில் ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை. கொஞ்சம் தள்ளி மின்கம்பத்தருகே நின்றேன். அதுவே நியாயம்.

மீதிப் பட்டாசைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். காரணம் கேட்டார்கள். பை கனம் என்றேன்.

மே 22, வியாழன்.

இத்தனை நாள் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? நின்றேன், வேன் வந்தது, சுப்பு இறங்கினாள்.

கோடை மழை, பத்து நிமிடம். வேன் வருவதற்குள் எல்லோரும் நனைந்தோம், ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை. நானும் போகவில்லை. அதைச் செல்வி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். இரவு, ஹாஸ்டலுக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று போகிற போக்கில் கேட்டாள். வாளி, மக், பூட்டு என்றேன். ஆற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கும்பகோணத்துக்குப் போன் பண்ணி, செடிக்குத் தண்ணீர் ஊற்றும்படி பக்கத்து வீட்டில் சொன்னேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டார்கள்.

ஜூன் 19, வியாழன்.

செல்வி திங்கட்கிழமை மதுரைக்குப் போனாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம். அம்மாவுக்குக் கை காட்டினாள். எனக்கு, விரலை நீட்டி ரோட்டைக் காட்டினாள்.

தினமும் மாலை போன் வரும். ஒரே கேள்வி. "வந்துட்டாகளா?" வந்துவிட்டார்கள் என்பேன். வைத்துவிடுவாள்.

இன்று வேன் வரவில்லை. வழக்கமான நேரம் தாண்டிவிட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் வேப்பமரத்தடியில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. பேச்சியம்மாள் கடைசியாக நிறுத்தினாள். ஒருத்தி போனைப் போட்டுப் பார்த்துவிட்டு இறக்கினாள்.

என் போன் அடித்தது. செல்வி.

எடுக்காமல் விட்டால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். எடுத்தேன்.

"வந்துட்டாகளா?"

வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். பரீட்சைக்கு முன்னால் எத்தனை பிள்ளைகளிடம் 'ஈசியாகத்தான் இருக்கும்' என்று சொல்லியிருக்கிறேன்.

"இன்னும் இல்லம்மா."

அந்தப் பக்கம் தட்டுச் சத்தம், பெண்களின் பேச்சு, பிறகு அதுவும் இல்லை. எங்கோ ஒதுங்கிப் போய் நின்றிருக்க வேண்டும். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. என்னையறியாமல், ஓடுவதற்குத் தோதாக, செருப்பைக் கழற்றிவிட்டிருந்தேன். பேச்சியம்மாள் என் காலைப் பார்த்தாள். மரத்தடியை விட்டு நடந்து வந்து, மின்கம்பத்தருகே என் பக்கத்தில் நின்றாள்.

வளைவில் வேன் திரும்பியது.

"திரும்பிருச்சு" என்றேன்.

"அம்மா?"

"இரு. ஆளுக எறங்குறாக."

ஒருத்தி. இன்னொருத்தி. பேச்சியம்மாளின் மருமகள். டயர் பஞ்சர் என்று டிரைவர் சொல்லிக்கொண்டே இறங்கினார். அதற்குப் பின்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுப்பு. சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. பேச்சியம்மாள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"வந்துட்டாடி உங்கம்மா. நீ போயிச் சாப்பிடு."